வேட்பாளர் பட்டியலை எழுதும் பேனா யார் கையில்?

வேட்புமனுத் தாக்கல் நாளன்று மையத்தின் கதவு காலை 9 மணிக்குத் திறக்கிறது. 10 மணிக்கு மூடிவிடுகிறது. அந்த ஒரு மணி நேரத்துக்குள் வேட்பாளரும், அவரை முன்மொழிபவரும், வழிமொழிபவரும் உள்ளே சென்று தாள்களை ஒப்படைக்க வேண்டும். நாடாளுமன்றத் தொகுதிக்கு 10,000 வெள்ளி, சட்டமன்றத் தொகுதிக்கு 5,000 வெள்ளி வைப்புத்தொகை. பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கைக்கூடப் பெறாதவருக்கு அந்தப் பணம் திரும்பாது. இவை எல்லா வேட்பாளருக்கும் பொது. கட்சி வேட்பாளரின் கோப்பில் மட்டும் இன்னொரு தாளும் இருக்கும். கட்சியின் அல்லது கூட்டணியின் சின்னத்தைப் பயன்படுத்த இவருக்கு அனுமதி உண்டு என்று தலைமை கையெழுத்திட்டுத் தந்த கடிதம் அது. மலாயில் வாத்திக்கா என்பார்கள். அது இல்லாமல் உள்ளே போகிறவர் எவ்வளவு பெரிய தலைவராக இருந்தாலும் சுயேச்சைதான்.

அமெரிக்காவில் இந்தக் கடிதத்தின் வேலையைப் பெரும்பாலும் மக்களே செய்கிறார்கள். பொதுத் தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்னர், கட்சியின் வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்ய அங்கே முதன்மைத் தேர்தல் நடக்கிறது. மலேசியாவில் அப்படி ஒன்று இல்லை. கிள்ளானில் வாக்களிக்கும் ஒருவர் வாக்குச்சீட்டில் காணும் பெயர்களை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தப் பெயர்களுக்குள் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்கிறார். 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றில்கூட இந்தியர்கள் பெரும்பான்மை இல்லை. மக்கள்தொகையில் சுமார் 7 விழுக்காடாக உள்ள ஒரு சமூகத்துக்கு, வாக்களிப்பு நாளைவிடப் பட்டியல் எழுதப்படும் நாளே பெரிய நாள்.

கிள்ளான் சொல்லும் கதை

கிள்ளான் நாடாளுமன்றத் தொகுதியில் ஜசெகவின் சார்ல்ஸ் சந்தியாகோ 2008, 2013, 2018 என்று மூன்று முறை வென்றார். 2022ஆம் ஆண்டு 15ஆவது பொதுத் தேர்தலுக்கான பட்டியல் வந்தபோது அவர் பெயர் அதில் இல்லை. அப்போது கோத்தா கெமுனிங் சட்டமன்ற உறுப்பினராகவும் சிலாங்கூர் ஆட்சிக்குழு உறுப்பினராகவும் இருந்த வீ. கணபதிராவின் பெயர் இருந்தது. தொகுதி மக்கள் சந்தியாகோவை நிராகரித்தார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை; அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை. சந்தியாகோ கட்சியை விட்டு விலகவில்லை, சுயேச்சையாகவும் நிற்கவில்லை. கணபதிராவ் வென்றார். அடுத்த ஆண்டு சந்தியாகோ தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானின் தலைவராக நியமிக்கப்பட்டார்.

இதை ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதியாக மட்டும் பார்த்தால் பாதிக் கதை விடுபட்டுப் போகும். கணபதிராவ் 2007 டிசம்பரில் இண்ட்ராப் போராட்டத்தை ஒட்டி உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதான ஐவரில் ஒருவர். அதே ஐவரில் இன்னொருவரான வழக்கறிஞர் மனோகரன், கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தபடியே 2008இல் கிள்ளானின் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் ஜசெக சின்னத்தில் வென்றார். ஒருநாள்கூடத் தெருவில் இறங்கிப் பிரசாரம் செய்ய முடியாத ஒருவருக்குத் தொகுதி கொடுத்ததும் இதே கட்சித் தலைமைதான். 2013இல் அத்தொகுதி கணபதிராவுக்குப் போனது. கொடுப்பதும் எடுப்பதும் ஒரே கைதான். எடுக்கும்போது மட்டும் அது நம் கண்ணில் படுகிறது.

அதே 2022இல் சுங்கை பூலோவிலும் இப்படி ஒரு மாற்றம் நடந்தது. மனித உரிமை வழக்கறிஞரும் பிகேஆரின் மூத்த தலைவர்களில் ஒருவருமான ஆர். சிவராசா, 2008 முதல் சுபாங்கிலும் பின்னர் 2018இல் சுங்கை பூலோவிலும் வென்றவர். அவருக்குப் பதிலாக மஇகாவின் முன்னாள் பொருளாளரான ஆர். ரமணனைத் தலைமை நிறுத்தியது. எதிரே தேசிய முன்னணியின் கைரி ஜமாலுடின். அவரும் தம் சொந்தத் தொகுதியை விட்டு வந்தவர்தான். 2008 முதல் அவர் வைத்திருந்த ரெம்பாவ், கட்சியின் துணைத்தலைவர் முகமட் ஹசானுக்கு ஒதுக்கப்பட்டது. ரமணன் 2,693 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நாடே கவனித்த அந்தப் போட்டியில் மோதிய இரண்டு முக்கியப் பெயர்களும் தலைமையகங்களில் முடிவானவை.

பத்துவில் நடந்தது வேறு மாதிரி. 2018 வேட்புமனு நாளன்று பிகேஆரின் தியான் சுவாவின் மனு, அவருக்கு விதிக்கப்பட்டிருந்த 2,000 வெள்ளி அபராதத்தைக் காரணம் காட்டி நிராகரிக்கப்பட்டது. கோலாலம்பூரின் பெரிய நகரத் தொகுதி ஒன்றில் கட்சிக்கு வேட்பாளரே இல்லை என்ற நிலை. சுயேச்சையாக மனு கொடுத்திருந்த 22 வயது பி. பிரபாகரனுக்குக் கட்சி ஆதரவு தந்தது. அவர் நாட்டின் மிக இளைய நாடாளுமன்ற உறுப்பினரானார், பிறகு பிகேஆரிலும் சேர்ந்தார். 2022இல் கட்சி பிரபாகரனையே நிறுத்தியது. தியான் சுவா அதை ஏற்காமல் சுயேச்சையாக நின்றார். இரண்டு தவணை அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தவர், வைப்புத்தொகையையும் கட்சி உறுப்பியத்தையும் சேர்த்து இழந்தார்.

கடிதத்தின் எடை எவ்வளவு என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று பேராக்கில் உண்டு. சுங்கை சிப்புட்டில் 2008இல் துன் ச. சாமிவேலுவைத் தோற்கடித்த டாக்டர் மைக்கல் ஜெயக்குமார், மலேசிய சோசலிசக் கட்சியைச் சேர்ந்தவர். கட்சிக்கு அப்போது பதிவு இல்லாததால் பிகேஆர் சின்னத்தில் நின்றார். 2013இலும் அதே சின்னத்தில் வென்றார். 2018இல் உடன்பாடு கிடைக்கவில்லை. தம் கட்சியின் சொந்தச் சின்னத்தில் நின்றார். அதே மனிதர், அதே தொகுதி, பத்தாண்டுச் சேவை. வைப்புத்தொகை கூடத் திரும்பவில்லை. பிகேஆர் சின்னத்தில் நின்ற எஸ். கேசவன் வென்றார்.

பெயர் எப்படி மேலே போகிறது

எல்லாக் கட்சிகளிலும் வடிவம் ஏறக்குறைய ஒன்றுதான். கிளையும் தொகுதியும் பெயர்களைப் பேசும். மாநிலத் தொடர்புக் குழு அவற்றைத் தொகுத்து, சிலவற்றைக் கூட்டி, சிலவற்றைக் கழித்து மேலே அனுப்பும். மத்தியில் ஒரு குழு அமர்ந்து பார்க்கும். ஊழல் தடுப்பு ஆணையத்திடமும் திவால் பதிவுகளிலும் பெயர் சரிபார்க்கப்படும். கடைசிக் கையெழுத்து தலைவருடையது, ஜசெகவில் பொதுச்செயலாளருடையது. கீழிருந்து போகும் பெயருக்கு மேலே கட்டாய மதிப்பு எதுவும் கிடையாது. தொகுதி மூன்று பெயர் அனுப்பியிருக்க, நான்காவதாக ஒருவர் வந்து இறங்கினாலும் விதி மீறல் ஆகாது.

சட்டம் இதற்குத் துணை நிற்கிறது. 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் 18சி பிரிவு, ஓர் அரசியல் கட்சி தன் உள்விவகாரத்தில் எடுக்கும் முடிவே இறுதியானது, அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்கிறது. ஆகவே பட்டியலில் இடம் கிடைக்காதவர் வழக்குப் போட்டுப் பயனில்லை. அவருக்கு எஞ்சுவது பத்திரிகையாளர் சந்திப்பு, சுயேச்சைச் சின்னம், அல்லது வேறு கட்சி. மூன்றாவது வழியில் வெற்றி கண்டவர்களும் உண்டு: 2022இல் அம்னோவால் ஒதுக்கப்பட்ட ஷாஹிடான் காசிம் பெரிக்காத்தான் சின்னத்தில் நின்று ஆராவ் தொகுதியைத் தக்கவைத்தார். ஆனால் இந்திய வேட்பாளருக்கு அது எளிதல்ல. ஆராவ் போன்ற ஒரு சொந்தக் கோட்டை அவருக்கு எங்கும் இல்லை.

2022 அக்டோபரில் நடப்புக்கு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் இந்தப் பிடியை இன்னும் இறுக்கியது. கட்சியிலிருந்து விலகும் நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதியை இழப்பார். வாக்காளர் கொடுத்த தீர்ப்பை விற்றுவிடக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். ஷெரட்டன் நகர்வுக்குப் பின் அதை வரவேற்காதவர் குறைவு. ஆனால் ஒரு பக்கவிளைவும் உண்டு. தலைமையோடு முரண்படும் உறுப்பினருக்கு வெளியேறும் கதவும் இப்போது அடைபட்டுவிட்டது. அடுத்த முறை பெயர் பட்டியலில் வர வேண்டும் என்றால் அவர் யாரைத் திருப்திப்படுத்த வேண்டும் என்பது தெளிவு.

ஒரு கட்சிக்குள் நடப்பது இவ்வளவு. கூட்டணி வந்துவிட்டால் இன்னொரு மாடி கூடுகிறது.

உலு சிலாங்கூரும் கேமரன் மலையும்

மஇகா வேட்பாளர் மஇகா சின்னத்தில் நிற்பதில்லை. அவர் நிற்பது தேசிய முன்னணியின் தராசுச் சின்னத்தில். கையெழுத்தும் முன்னணித் தலைவருடையது. அந்தத் தலைவர் எப்போதும் அம்னோவின் தலைவர். இதன் பொருள் என்ன என்பது 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூரில் வெளிப்படையாகத் தெரிந்தது.

தோட்டங்களும் சிறு நகரங்களும் கலந்த அத்தொகுதியில் 2008இல் மஇகாவின் ஜி. பழனிவேல் வெறும் 198 வாக்குகளில் பிகேஆரிடம் தோற்றிருந்தார். வென்ற ஸைனால் அபிடின் காலமானதும் இடைத்தேர்தல் வந்தது. மஇகா தலைமை பழனிவேலையே மறுபடியும் முன்வைத்தது. அம்னோ தரப்பு அதை விரும்பவில்லை. சில நாட்கள் இழுபறி நீடித்தது. கடைசியில் மஇகாவின் தகவல் பிரிவுத் தலைவர் பி. கமலநாதனின் பெயர் அறிவிக்கப்பட்டது. பிகேஆர் ஸைட் இப்ராஹிமை நிறுத்தியது. கமலநாதன் 1,725 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வெற்றி கிடைத்ததால் இழுபறி மறக்கப்பட்டது. ஆனால் தன் தொகுதிக்குத் தன் வேட்பாளரைத் தானே முடிவு செய்ய முடியாத நிலை மஇகாவுக்கு இருந்தது என்பது அங்கே பதிவாகிவிட்டது.

ஒன்பது ஆண்டு கழித்துத் தொகுதியே கைமாறியது. கேமரன் மலை 2004இல் உருவானது முதல் மஇகாவின் தொகுதி; டத்தோ தேவமணி, பழனிவேல், சி. சிவராஜ் என்று தொடர்ந்து மஇகாவினரே வென்றார்கள். 2018 வெற்றி ஊழல் காரணமாக நீதிமன்றத்தால் ரத்தானது. 2019 ஜனவரி 26 இடைத்தேர்தலில் தேசிய முன்னணி ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி ரம்லி முகமட் நோரை நிறுத்தியது. அவர் வென்று நாட்டின் முதல் பூர்வகுடி மக்களவை உறுப்பினரானார். அதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. பூர்வகுடியினர் அதிகம் வாழும் தொகுதிக்கு அது நெடுநாள் தாமதமாக வந்த நியாயம். 2022இலும் ரம்லியே நின்றார். மஇகாவுக்கு அந்தத் தொகுதி திரும்பவில்லை.

2022 பொதுத் தேர்தலில் மஇகா 10 நாடாளுமன்றத் தொகுதிகளில் நின்று தாப்பாவில் மட்டும் வென்றது. 2023 ஆகஸ்டு 12 அன்று ஆறு மாநிலத் தேர்தல்கள் நடந்தபோது, அம்னோவும் பக்காத்தானும் ஒரே அணியில் இருந்தன. சிலாங்கூரின் 56 தொகுதிகளில் தேசிய முன்னணிக்குக் கிடைத்தவை 12. பன்னிரண்டிலும் அம்னோ நின்றது. மஇகாவும் மசீசவும் எங்குமே போட்டியிடவில்லை. ஒரு காலத்தில் ஈஜோக்கில் இடைத்தேர்தல் என்றால் மஇகா பிரசாரக் கூடாரம் இல்லாத கம்பத்தைப் பார்க்க முடியாது. இன்று அந்தத் தொகுதியின் வாக்குச்சீட்டில் அக்கட்சியினர் இல்லை.

பக்காத்தான் பக்கத்திலும் நிலைமை இதமாக இல்லை. பினாங்கில் 2008 முதல் துணை முதல்வராக இருந்த பேராசிரியர் ப. இராமசாமியின் பெயர் 2023 பட்டியலில் இல்லை. பிறை தொகுதி புதியவருக்குப் போனது. அவர் ஜசெகவை விட்டு விலகி உரிமை கட்சியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மே 11 அன்று கோல குபு பாரு இடைத்தேர்தல் வந்தது. வாக்காளர்களில் சுமார் 18 விழுக்காட்டினர் இந்தியர்கள். ஜசெக, அமைச்சர் ஒருவரின் பத்திரிகைச் செயலாளராக இருந்த பாங் சொக் தாவை நிறுத்தியது. இந்திய வாக்காளர்கள் பக்காத்தானுக்குத் தங்கள் அதிருப்தியைக் காட்ட வேண்டும் என்று இராமசாமி தரப்பு பிரசாரம் செய்தது. உலு சிலாங்கூரின் ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த முன்னாள் தொழிலாளர் குடும்பங்களின் வீட்டுப் பிரச்சினை, பல ஆண்டு கிடப்புக்குப் பின் திடீரென்று எல்லார் பேச்சிலும் வந்தது. பாங் 14,000 வாக்குகள் பெற்று 3,869 வித்தியாசத்தில் வென்றார். வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதில் தோட்டத்து மக்களுக்குப் பங்கில்லை. ஆனால் வேட்பாளர் வேண்டும் என்று வந்த இரண்டு வாரத்தில்தான் அவர்களுடைய வீட்டுக் கோப்பு மேசைக்கு வந்தது.

முதன்மைத் தேர்தல் இருந்தால்?

இதற்கெல்லாம் மருந்து முதன்மைத் தேர்தல்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்க அனுபவம் அவ்வளவு எளிய விடை தருவதில்லை. 1968இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரான ஹியூபர்ட் ஹம்ப்ரி, முதன்மைத் தேர்தல்களில் போட்டியிடாமலேயே சிக்காகோ மாநாட்டில் கட்சிப் பெரியவர்களின் ஆதரவோடு தேர்வானார். வெளியே தெருவில் போராட்டமும் தடியடியும். அந்த அவமானத்துக்குப் பிறகே விதிகள் திருத்தப்பட்டு, முதன்மைத் தேர்தலுக்கு உண்மையான வலு வந்தது. கட்சி அதோடு ஒதுங்கிவிடவும் இல்லை. தலைவர்களுக்கென்று தனி வாக்குரிமை வைத்துக்கொண்டது. 2016இல் கிளிண்டன், சாண்டர்ஸ் போட்டியில் அது பெரும் சர்ச்சையாகி, 2018இல் முதல் சுற்று வாக்கெடுப்பிலிருந்து அத்தலைவர்கள் விலக்கப்பட்டார்கள். 2024 ஜூலையில் ஜோ பைடன் விலகியபோது, முதன்மைத் தேர்தல் எதிலும் அதிபர் வேட்பாளராக நிற்காத கமலா ஹாரிசைக் கட்சிப் பேராளர்களே தேர்ந்தெடுத்தார்கள்.

நிதி, முன்கூட்டியே அறிவிக்கப்படும் ஆதரவு, விவாத மேடையில் யாருக்கு இடம், எந்த மாநிலம் முதலில் வாக்களிக்கும் என்ற அட்டவணை: கட்சியின் கை இப்படிப் பல வழிகளில் உள்ளே நுழைகிறது. பிரிட்டனில் 2009இல் பழமைவாதக் கட்சி, டாட்னஸ் தொகுதியின் எல்லா வாக்காளர்களுக்கும் அஞ்சலில் சீட்டு அனுப்பி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தது. சாரா வொலஸ்டன் என்ற மருத்துவர் தேர்வானார். பிறகு அவர் கட்சிக் கொறடாவுக்கு அவ்வளவாக அடங்காதவர் என்று பெயரெடுத்தார். அந்த முறை பரவலாகவில்லை. இந்தியாவில் காங்கிரஸ் 2014இல் சில தொகுதிகளில் முயன்றுவிட்டு விட்டுவிட்டது. தமிழ்நாட்டில் வழக்கம் நமக்குப் பழக்கமானதுதான்: தலைமையகத்தில் பணம் கட்டி விருப்ப மனு, ஒரு நேர்காணல், பிறகு தலைமை வெளியிடும் பட்டியல், கையில் ஏ, பி படிவங்கள். 2023இல் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் அதிமுகவின் இரு தரப்பும் இரட்டை இலைக்கு யார் கையெழுத்திடுவது என்று உச்ச நீதிமன்றம் வரை போனதும் இந்தப் படிவத்துக்காகத்தான்.

மலேசிய இந்தியர்களுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது; மேடைகளில் அதை அதிகம் பேசுவதில்லை. பத்துவிலோ சுங்கை பூலோவிலோ தொகுதி வாக்காளர் அனைவரும் பங்குபெறும் முதன்மைத் தேர்தல் நடந்தால், ஓர் இந்திய வேட்பாளர் அதைத் தாண்டி வருவாரா? வரலாம்; உறுதி இல்லை. பிரிக்பீல்ட்ஸின் பிரதான சாலைக்குப் பெயர் தந்த துன் வீ.தி. சம்பந்தன், 1955 ஜூலையில் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் கிந்தா உத்தாராவில் வென்றவர். அப்போது வாக்காளர்களில் ஐந்தில் நால்வருக்கு மேல் மலாய்க்காரர்கள். 52 தொகுதிகளில் 15 மசீசவுக்கும் 2 மஇகாவுக்கும் ஒதுக்கப்பட்டன. அம்னோவுக்குள் முணுமுணுப்பு இருந்தது. துங்கு அப்துல் ரஹ்மான் அதை மீறிப் பங்கீட்டை நிலைநிறுத்தினார். தொகுதிவாரியாகக் கீழே கேட்டிருந்தால் அந்த இரண்டும் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. இந்தியப் பிரதிநிதித்துவம் என்பது இந்நாட்டில் தொடக்கத்திலிருந்தே தலைமைகள் மேசையில் முடிவு செய்து தந்த ஒன்று. கொடுத்த கை மேலே இருப்பதால், பெற்றவரும் மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார். தோட்டத்தில் வீட்டுப் பிரச்சினைக்கு மனு கொடுக்கும் குடும்பம், தன் உறுப்பினர் ஏன் உரக்கப் பேசவில்லை என்று வருந்துவதற்குக் காரணம் பல நேரம் இதுதான்.

கட்சித் தேர்தலே நம் முதன்மைத் தேர்தல்

வாக்காளருக்குக் கிடைக்காத அந்த வாய்ப்பு, கட்சி உறுப்பினருக்கு ஓரளவு கிடைக்கிறது. தலைவர்களைத் தேர்ந்தெடுப்பவர் பட்டியல் எழுதும் பேனாவைத் தேர்ந்தெடுக்கிறார். பிகேஆர் 2010இல் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்ற நேரடி முறையைக் கொண்டுவந்தது. நாட்டில் அதற்கு முன் எந்தப் பெரிய கட்சியும் செய்யாதது. அடுத்தடுத்த தேர்தல்களில் குளறுபடிகளும் புகார்களும் மறுவாக்கெடுப்பும் வந்தன. 2025இல் மத்தியத் தலைமைக்கு வாக்களிக்கும் உரிமை பேராளர்களுக்கு மாறியது. மே மாதம் ஜொகூர் பாருவில் முடிவு அறிவிக்கப்பட்டபோது துணைத்தலைவர் பதவிக்கு நூருல் இஸ்ஸா 9,803 வாக்குகளும் ரஃபிஸி ரம்லி 3,866 வாக்குகளும் பெற்றிருந்தார்கள். சில வாரங்களுக்கு முன் நடந்த தொகுதி நிலைத் தேர்தலில், அப்போது அமைச்சராக இருந்த நிக் நஸ்மி தம் செத்தியாவங்சா தொகுதித் தலைவர் பதவியையே நடிகர் அஃப்டலின் சௌக்கியிடம் இழந்தார். அடுத்த பொதுத் தேர்தலுக்குத் தொகுதியிலிருந்து எந்தப் பெயர் மேலே போகும் என்ற கணக்கு அன்றே தொடங்கிவிட்டது.

ஜசெகவில் 2025 மார்ச் 16 அன்று ஷா ஆலாமில் நடந்த பேராளர் மாநாட்டில் கோபிந்த் சிங் டியோ மிக அதிக வாக்குகள் பெற்றார். பல ஆண்டு பொதுச்செயலாளராக இருந்த லிம் குவான் எங் 30 இடங்களில் 26ஆவதாக வந்தார். அதே கட்சியின் 2012 மாநாட்டில் வாக்கு எண்ணிக்கைத் தாளில் நேர்ந்த கணினிப் பிழை சங்கங்களின் பதிவிலாகா வரை போனது. விளைவு, 2013 வேட்புமனு நாளுக்கு முன்தினம் வரை ராக்கெட் சின்னம் கிடைக்குமா என்று தெரியாமல், தீபகற்பத்தில் பாஸ் சின்னத்தில் நிற்கவும் ஜசெக தயாரானது. ஒரு கணினித் தாளில் நேர்ந்த தவறு நாடு முழுவதும் வாக்குச்சீட்டை மாற்றியிருக்கும்.

மஇகாவின் பலமும் பலவீனமும் கிளைகளில்தான். ஆயிரக்கணக்கான கிளைகள், தலைவர் தேர்தலில் வாக்குரிமை பெற்ற கிளைத் தலைவர்கள். தோட்டத்துக்குத் தோட்டம், தாமானுக்குத் தாமான் இப்படி வேர் விட்ட இந்தியக் கட்சி வேறு இல்லை. அதே சமயம் 2013 கட்சித் தேர்தலைப் பதிவிலாகா ரத்து செய்யும் அளவுக்குப் போன சண்டையும், பழனிவேல் தலைமையை இழந்ததும் இந்தக் கிளைக் கணக்கிலிருந்து கிளைத்தவையே. அண்மைத் தவணைகளில் டான்ஸ்ரீ எஸ்.ஏ. விக்னேஸ்வரன் போட்டியின்றித் தேர்வாகி வருகிறார். போட்டி இல்லாத கட்சியில் அமைதி உண்டு. ஆனால் கிளைத் தலைவரின் வாக்குக்கு அப்போது வேலை இல்லை.

உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை அதிகம் இல்லை. சந்தா நடப்பில் உள்ளதா, பெயர் எந்தத் தொகுதிப் பதிவில் இருக்கிறது, கிளையின் ஆண்டுக் கூட்டம் எப்போது, அங்கே பேராளராக யார் பெயர் எழுதப்படுகிறது. கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை என்று செயலாளர் தாமே பெயர்களை நிரப்பி அனுப்பிவிடுவது எல்லாக் கட்சியிலும் நடக்கும் பழைய வழக்கம். மாநிலச் சட்டமன்றத் தொகுதியில் நிற்பவர் அந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும். நாடாளுமன்றத் தொகுதிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, நாட்டின் எந்த மூலையிலிருந்தும் ஒருவரை அனுப்பலாம். உள்ளூர்க்காரர்களாக இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் கேட்பது முன்மொழிபவர், வழிமொழிபவர் என்ற இரண்டு பெயர்களை மட்டும். அந்த இருவரும் அத்தொகுதியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும்.

தற்போதைய நாடாளுமன்றம் 2022 டிசம்பர் 19 அன்று முதன்முறை கூடியது. இடையில் கலைக்கப்படாவிட்டால் 2027 டிசம்பரில் அதன் ஐந்தாண்டு முடியும். அதிலிருந்து 60 நாட்களுக்குள் தேர்தல். 2023இல் தேர்வான சிலாங்கூர் சட்டமன்றத்துக்கு 2028 வரை ஆயுள் உண்டு. 2018இலும் 2022இலும் எதிரெதிராக நின்ற தேசிய முன்னணியும் பக்காத்தானும் இப்போது ஒரே அரசாங்கத்தில் இருப்பதால், உலு சிலாங்கூர் போன்று இரு தரப்பும் உரிமை கோரும் தொகுதிகளில் 2022இல் மஇகாவும் பிகேஆரும் மோதி, பெரிக்காத்தான் வென்றது. அங்கே அடுத்த முறை யாருக்குக் கடிதம் என்ற பேச்சு இன்னும் அதிகாரப்பூர்வமாகத் தொடங்கவில்லை. தொகுதி அலுவலகங்களில் தொடங்கிவிட்டது.